மமதாவின் படிவம்

நவ. 10, திங்கள்

மழைக்கு விடுமுறை விடுவார்கள் என்று காலை ஏழு மணி வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். விடவில்லை. நனைந்துகொண்டே மந்தைவெளிப் பள்ளி.

மூன்று பள்ளிகளின் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே சிறப்பாசிரியை, நான். இங்கே திங்களும் புதனும். எனக்கு இடம் சத்துணவு அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில். த.ஆ. அறையில் இரண்டு மின்விசிறி. தலைமையாசிரியை அல்லவா, டபுள் காற்று வேண்டும்.

வெள்ளிக்கிழமை மருத்துவ முகாம். மனவளர்ச்சிக் குறைபாடு என்று சான்று வாங்க ஏழு பிள்ளைகளின் பட்டியலை த.ஆ. நீட்டினாள். மூன்றாவது பெயர் மமதா, மூன்றாம் வகுப்பு. ஒடிசாக் குடும்பம். அப்பா அம்மா பக்கத்துத் தெரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாள் வேலை. ஜூனில்தான் சேர்ந்தாள்.

"வாயே தொறக்காது மேடம். அது அப்படித்தான்."

அது! சான்று கிடைத்துவிட்டால் வகுப்பின் வாசிப்புத் தேர்ச்சிக் கணக்கில் மமதா வரமாட்டாள். இந்தம்மாவுக்கு அதுதான் வேண்டும். அப்புறம் அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் எழுத்துச் சொல்லித்தர மாட்டார்கள். மூலையில் உட்கார்த்திக் கலர் பென்சில் கொடுப்பார்கள், எட்டாம் வகுப்பு வரை.

குடைக்கம்பி சரிசெய்ய. பால் கார்டு. அம்மாவுக்கு போன்.

நவ. 11, செவ்வாய்

தூறல். இன்று அடையாறு பள்ளி. திரும்பும்போது மந்தைவெளியில் இறங்கி மருந்துக்கடை. தலைவலி மாத்திரை.

எனக்கு முன்னால், நேற்று த.ஆ. வகுப்பில் காட்டிய மமதா, அவள் அம்மாவோடு. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அண்ணே, எங்கம்மாக்கு காத்தாலேந்து வாந்தி. எதுனா மாத்திர குடு."

"இன்னா சாப்ட்டாங்க?"

அம்மாவிடம் ஒடியாவில் கேட்டாள். பதிலைக் கேட்டுத் திரும்பினாள். "கஞ்சி குச்சிக்கீறாங்க. அதுவும் நிக்கல."

எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று கடைக்காரர் சொன்னதை அம்மாவுக்கு விரல் விட்டு விளக்கினாள். இரண்டு முறை. வாயே திறக்காதாம்!

என் மாத்திரையை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆத்திரம் தாங்கவில்லை. நாளைக்கு இருக்கிறது த.ஆ.வுக்கு.

நவ. 12, புதன்

வெயில். புழுக்கம்.

நேரே த.ஆ. அறைக்குப் போனேன். "இந்தப் பொண்ண டெஸ்ட் பண்ண அறிவாளி யாரு?" என்று வாசல்வரை கேட்கும்படி கத்தினேன்.

அவள் பீரோவைத் திறந்து, மமதாவின் சோதனைப் படிவத்தை எடுத்து, என் பக்கம் திருப்பி வைத்தாள்.

பச்சை மை. என் கையெழுத்து.

ஜூனில் ஒரே நாளில் நாற்பது பிள்ளைகளைச் சோதித்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று, முந்தின நாள் சீரியல் பார்த்துக்கொண்டே, நாற்பது படிவங்களிலும் 'வீட்டு மொழி' என்ற கட்டத்தில் 'தமிழ்' என்று எழுதிவைத்தேன். மறுநாள் அம்மி, உரல், நுங்கு என்று பட அட்டைகளைக் காட்டினேன். ஊருக்கு வந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளை என்ன சொல்லும்? வரிசையாகப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். அன்று பார்த்த நாற்பது முகங்களில் அவள் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை.

"மாத்தணும்னா, தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுங்க. ஜனவரில உங்க கான்ட்ராக்ட் புதுப்பிக்க வருது மேடம். அதையும் யோசிச்சுக்கோங்க."

பாவி. ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் எரிகிறது.

சாயங்காலம் கட்டடத்துக்குப் போய், முகாமுக்கு வரும்படி மமதாவின் அம்மாவிடம் சொன்னேன். மமதாதான் மொழிபெயர்த்தாள். அவளிடம் கேட்டேன், வகுப்பில் ஏன் பேசுவதில்லை என்று.

"பேசுனா சிரிக்கிறாங்க டீச்சர்."

நவ. 13, வியாழன்

கடிதம் நான்கு முறை எழுதிக் கிழித்தேன். 'கவனக்குறைவு' என்று போட்டேன். பிறகு அதை அடித்து, 'நான் கேட்கவே இல்லை' என்று போட்டேன்.

பால் கார்டு இன்னும் வாங்கவில்லை.

நவ. 14, வெள்ளி

முகாம் தி.நகரில். குழந்தைகள் தினம் வேறு. மனவளர்ச்சிக் குறைபாடு என்று எழுத வரவழைத்த பிள்ளைகளுக்கு வாசலில் ஆளுக்கொரு ரோஜா. யாருக்கும் உறுத்தவில்லை.

கடிதத்தை த.ஆ. கையில் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதனால் நகலை டாக்டரிடம் கொடுத்தேன். இவளை எனக்குத் தெரியாதா!

டாக்டர் சின்ன வயசு. படித்தார். "அம்மாகிட்ட பேசணுமே. ஒடியா தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?"

ஒருவரும் இல்லை. மமதா நாற்காலியை இழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க சொல்றது உங்க பொண்ணுக்குப் புரியுதா?"

மமதா அம்மாவிடம் கேட்டாள். அம்மா கையை ஆட்டி ஆட்டி நீளமாக ஏதோ சொன்னாள். மமதா முகம் தொங்கிப்போயிற்று.

"புரியுதாம் சார். ஆனா சொன்ன பேச்சு கேக்க மாட்டேனாம்."

டாக்டர் பட்டியலில் அவள் பெயரை அடித்தார். த.ஆ. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் பீரோ சாவி கேட்டேன். திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறாள். உள்ளே இன்னும் முப்பத்தொன்பது படிவங்கள். எல்லாவற்றிலும் 'தமிழ்', பச்சை மையில்.