அக்காவின் கணக்கு ஓடிய மாலை

அக்கா, இன்று நடந்ததை எதையும் கூட்டாமல், எதையும் மறைக்காமல் உனக்கு எழுதிவிடப் போகிறேன்.

மாலையில் உன் மடிக்கணினியைத் திறந்தேன். நீ போன பிறகு யாரும் அதைத் தொடவில்லை. உள்ளே விசிறி சுற்றியதும் சூடேறிய தூசியின் வாசம் வந்தது. அம்மா எட்டிப் பார்த்தார். தேத்தண்ணியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

கம்பஸ் விடுமுறைக்கு நீ வந்தால் நம் காம்பரா வீட்டுக்குள் இந்த வாசம்தான். கண்ணாடி இழைக்குள் வெகுதூரம் ஓடும் ஒளி வழியில் உருக்குலைந்துவிடும்; வந்த பாதையிலேயே அதைக் கணக்கால் பின்னோக்கி நடத்தினால் பழைய வடிவம் கிடைக்கும் என்பாய். ஆனால் அடிக்கு அடி நின்று திருத்தினால் கணக்கு முடியவே முடியாது. உன் கணினியின் பேட்டரி செத்திருந்தது. வரிசையாக ஒட்டி நிற்கும் நம் தோட்டத்து லயத்தில் நாலு வீட்டில் கரண்ட் கேத்தல் போட்டாலே பியூஸ் போய், ஓடிய கணக்கெல்லாம் அழிந்துவிடும்.

கேத்தலை நிறுத்தினால் போதும் என்று நீ எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்பவில்லை. விளக்கையும் சேர்த்தே அணைத்தார்கள். "இவ வெளிச்சத்தைத் திருத்துறதுக்கு நாங்க இருட்டுல இருக்கணுமாம்" என்று பக்கத்துக் காம்பரா அத்தை சுவருக்கு அப்பாலிருந்து கேலி செய்வார். நீ சுவரைத் தட்டி, "முடிஞ்சிருச்சி அத்தை, போட்டுக்கோங்க" என்று சொன்ன பிறகுதான் லயத்தில் வெளிச்சம் வரும்.

"அத்தைக்காகவாவது கணக்கைக் குறைக்கணும்டி. எல்லா அடியிலயும் நிக்கத் தேவையில்ல. எங்க நின்னா போதும்னு தெரியணும்" என்றாய். அதைக் கண்டுபிடித்தும் விட்டாய். ஓட்டிப் பார்ப்பதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும், ஒளி பழைய வடிவத்துக்கு வந்ததற்கு அடையாளமாகத் திரையில் சிதறிய புள்ளிகள் நாலு கொத்தாகச் சேருகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்றேன். நீ வீடு திரும்பவேயில்லை.

இன்று நான் ஓட்டினேன். விசிறிச் சத்தம் அத்தைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"புள்ள, அக்கா கணக்கா?"

"ஆமா அத்தை."

அவர் வீட்டு விளக்கு அணைந்தது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, லயத்தின் கடைசி வரை.

முன்பெல்லாம் அம்மா சோறு வடித்து, கறி ஆக்கி, நாம் சாப்பிட்டு எழுந்த பிறகும் கணக்கு ஓடும். இன்று தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது, அக்கா. புள்ளிகள் சேர்ந்தன. நாலு கொத்து. ஓரங்கள் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் ஒன்றோடொன்று கலக்கவில்லை. திரும்பி உன்னைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன்.

நினைவில் உன்னிடம் நான் திரும்பி வருவதும் இப்போது அப்படித்தான். எல்லா நாளிலும் நிற்க முடியவில்லை, ஆஸ்பத்திரி நாட்களில் நிற்கவே முடியவில்லை. நீ சிரித்துக்கொண்டே சுவரைத் தட்டும் இடத்தில் மட்டும் நின்றுகொள்கிறேன்.

இன்று நான்தான் தட்ட வேண்டும். கை எழவில்லை. திரை வெளிச்சத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. லயம் முழுவதும் விளக்குகள் அணைந்தே இருக்கின்றன.