மாத்திரை போட்ட அன்று பால் கொடுக்கலாமா

அன்பு மகனுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், கைக்குழந்தையும் நலம். கீழே படித்துப் பதறிவிடாதே என்றுதான் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் மூத்தவள் பத்து நாளாகப் பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். வயிற்றுப் பூச்சிதான், வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மாத்திரை போடுங்கள் என்று மருந்துக்கடைக்காரர் கொடுத்தார். உன் மனைவி பால் கொடுக்கிறவள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை கைக்குழந்தையைத் தவிர எல்லோரும் போட்டோம், அவளும் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுச்சீட்டைப் பிரித்துப் படிக்கத் தோன்றியது. எல்லாம் எறும்பு எழுத்து. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது, பாலூட்டுபவர்கள் மருத்துவரைக் கேட்கவும் என்று ஒரே வரியில் இருந்தது. நான் இரண்டையும் ஒன்றாக்கி, "பால் குடுக்காதேம்மா, குடுக்காதே" என்று கத்திவிட்டேன். நாற்பது வருஷம் பஸ் பட்டறையில் கையேடு பார்த்து வேலை செய்தவன் நான், அதில் இறுக்கு என்றால் இறுக்குவோம், கழற்று என்றால் கழற்றுவோம். கேட்கவும் என்றால் கொடுக்கலாம் என்று அர்த்தமா, கூடாது என்று அர்த்தமா, நீயே சொல்.

கடைக்கு ஓடினேன், ஒருநாள் நிறுத்திட்டா நல்லதுதானே சார் என்று இழுத்தார். உன் அக்கா ஃபோனில் மூன்று நாள் என்றாள். மாடிவீட்டுக்காரம்மா, நான் இதைப் போட்டப்போ ஒண்ணும் நிறுத்தலையே என்றார். யாரை நம்புவது? உன் அம்மா கலக்கிக் கொடுத்த புட்டிப்பாலைக் குழந்தை துப்பித் துப்பி அழுதது. உன் மனைவி பாலைப் பீய்ச்சிக் குளியலறையில் கொட்டினாள், நெஞ்சில் பால் கட்டிக்கொண்டு வலியில் துடித்தாள் என்று உன் அம்மா சொன்னாள்.

மத்தியானம் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். "ஒத்தை மாத்திரைதானே? அது குடல்லயே வேலையைப் பாத்துட்டுப் போயிடும். ரத்தத்துல சேர்றதே கொஞ்சம், பால்ல வர்றது அதைவிடக் கொஞ்சம். கர்ப்பமா இருக்கறவங்க விஷயம் வேற. இப்பவே இங்கயே குடுங்க" என்றார். குழந்தை அரை மணி நேரம் வாயை எடுக்காமல் குடித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, ஆனால் உன் மனைவி தேம்பித் தேம்பி அழுதாள். நல்லதுதானே சொன்னாங்க, ஏம்மா அழறே என்று கேட்டேன். "காலையிலேர்ந்து கொட்டினது எல்லாம் நல்ல பால் மாமா" என்றாள்.

தப்பு என்னுடையது, ஆனால் மருமகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு தடவை அவள் அறைக்கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எல்லோரும் இன்னொரு மாத்திரை போட வேண்டுமாம். போட்டுக்குவியாம்மா என்று மெல்லக் கேட்டேன். "போட்டுக்குவேன், பாலும் குடுப்பேன். அன்னிக்கு மட்டும் நீங்க வெளியே கொஞ்சம் நடந்துட்டு வாங்க மாமா" என்றாள். அது கோபமா கேலியா, எனக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் பேசும்போது பக்குவமாகக் கேட்டு எனக்குச் சொல். பூச்சி முட்டை நகத்தில்தான் தங்குமாம், நீயும் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இரு.

உன் நலமே நினைக்கும்
அப்பா