ஸ்டூல் தடுக்கி விழுகிறவர்

மார்ச் 4

வசனம் எழுதும் மகராசிக்கு,

அக்கா வீட்டில் நீ நலமாகத்தான் இருப்பாய். அங்கே தடுக்கி விழ யாரும் இல்லையே. நீ கோபித்துக்கொண்டு போய் ஐந்து மாதமாகிறது. நம் நாடகத்தில் உன் வேடத்தைப் புதுப் பெண் ஒருத்தி செய்கிறாள். பிரியப்போகும் கணவனும் மனைவியும் சாமான் பிரிக்கும் காட்சியில் நேற்றும் ஸ்டூல் தடுக்கி விழுந்தேன். அரங்கமே அதிர்ந்தது. ஒருவருக்குப் புரையேறிவிட்டது. சிரிக்க வந்தவர்களைச் சிரிக்க வைப்பது அப்படி என்ன குற்றம்?

நீ தைத்துக் கொடுத்த முட்டிப் பட்டையில் பஞ்சு பிதுங்குகிறது. வீடும் நன்றாக இல்லை. பதில் போடு.

உன் கோமாளி

மார்ச் 9

அன்புள்ள கோமாளிக்கு,

விழுவது குற்றமில்லை. எப்போது விழுகிறீர்கள் என்பதுதான் வழக்கு. "கடிகாரத்தை நீங்களே வச்சுக்குங்க. பத்து நிமிஷம் லேட்டா ஓடுது, உங்களுக்குச் சரியா இருக்கும்." இந்த ஒரு வசனத்துக்குப் பதினெட்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மேடையில் நூற்றுப் பத்து தடவை சொன்னேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கும்போதே நீங்கள் தரையில் கிடப்பீர்கள். வேண்டாம் என்று கெஞ்சினேன். மறுநாள் கால்சட்டையும் அவிழ்ந்தது. அன்றைக்குத்தான் பெட்டியை எடுத்தேன்.

இன்னும் உங்கள் மனைவிதான்

மார்ச் 22

என் மகராசிக்கு,

நேற்று நான் விழவில்லை. ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன். அந்தப் பெண் உன் வசனத்தைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன். அப்புறம் மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் மெதுவாகத் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா சிரித்துவிட்டார். அது ஒவ்வொரு வரிசையாகப் பரவி, நிற்கவே மாட்டேன் என்றது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நூற்றுப் பத்து தடவை உன் பக்கத்தில் இருந்தும் நானே அதை நேற்றுத்தான் கேட்டேன். மன்னித்துவிடு. இனி விழமாட்டேன். அந்த வசனத்தை நீ வந்து சொல்.

உன் கோமாளி

மார்ச் 27

என்னவருக்கு,

மூன்றாவது வரிசை ஜோடியைப் பற்றி அக்காவுக்கு நாலு தடவை படித்துக் காட்டிவிட்டேன். ஐந்தாவது தடவை எழுந்து போய்விட்டாள்.

ஆனால் என்னிடம் மறைக்காதீர்கள். ஒரு நிமிடம் கைதட்டல் இல்லாமல் இருக்க முடியாத மனிதர், என் வசனத்துக்காகவா விழாமல் நின்றீர்கள்? பஞ்சு பிதுங்கிய பட்டையோடு விழுந்து விழுந்து முட்டி வீங்கியிருக்கிறது, அதுதானே? தினமும் திட்டிக்கொண்டேதான் அந்தப் பட்டையைக் கட்டிவிட்டேன். இப்போது யார் கட்டுகிறார்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விழும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது கோபத்தால் மட்டுமல்ல. எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு முட்டிக்கும் புதுப் பட்டை தைத்துவிட்டேன். தபாலில் அனுப்பவில்லை, கையோடு கொண்டு வருகிறேன். வீக்கம் வடியட்டும், பிறகு நானே கட்டிவிடுகிறேன். ஸ்டூல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நான் வசனத்தைச் சொல்லி, அவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, தாராளமாக விழுங்கள்.

பெல்ட் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி