அக்காவை அழைக்கப் போன கார்

ஒரு வாரமாகப் பிடித்த மழை விட்டு இன்றுதான் வெயில் அடித்தது. உன் காரின் கதவுகளை எல்லாம் திறந்து போட்டேன். பின்சீட்டிலிருந்து பூண்டு வாசம் குப்பென்று வந்தது. பள்ளங்கியிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் எத்தனை வருசம் அதில் பூண்டு மூட்டை ஏற்றி வந்தாய். சீட்டு உறையை நானே புதிதாகத் தைத்து மாற்றியும் வாசம் போகவில்லை. உன் மகன் கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது சாவியை என் தையல் கடையில் கொடுத்து, "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் மட்டும் பண்ணி விடுங்க சித்தி" என்றான். பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். சில வாரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது, சில வாரம் கேட்பதில்லை. உன்னிடம் இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது?

உன் வீட்டுக்காரர் டிரைவராக இருந்த பங்களாவில், வயதான அம்மாள் ஊரைவிட்டுப் போகும்போது அவருக்கென்றே விட்டுவிட்டுப் போன கார். பெஞ்சு மாதிரி நீள முன்சீட்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். உன் வீட்டுக்காரர் இறந்த பிறகு எல்லோரும் விற்கச் சொன்னார்கள். நீ, பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவது போல, முந்தானையைச் செருகிக்கொண்டு ஓட்டத் தொடங்கிவிட்டாய். நாயுடுபுரத்தில் உன் வீட்டுக்கும் என் கடைக்கும் ஒரே சுவர். காலையில் அந்த எஞ்சின் இருமுகிற சத்தம் கேட்டுத்தான் நான் தையல் மிஷினின் உறையை எடுப்பேன்.

ஒரு நாள் போனைக் கையில் பிடித்தபடி கடைக்குள் வந்தாய். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஏ புள்ள, அக்கா வருதாம். கப்பல்ல. நாகப்பட்டணத்துல எறங்குதாம்."

உன் அக்காவைப் பற்றி எனக்குத் தெரியும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து உன் அப்பாவும் அம்மாவும் உன்னைத் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தபோது, அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் புருசன் வீட்டுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அவள் அங்கேயே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு நீங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. பேரப்பிள்ளைகள் போன் வாங்கிய பிறகுதான் திரையில் முகம் பார்த்தீர்கள்.

"டாக்சி பிடிச்சுப் போவோம்" என்றேன்.

"வேணாம். என் கார்லதான் கூட்டியாரணும்."

"அது வத்தலக்குண்டு தாண்டுமா?"

"தாண்டும். நீ கூட வா, தாண்டும்."

காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வராமல் இருந்திருப்பேனா, தெரியாது. கப்பல் வருவதற்கு முந்தின நாள் வெள்ளனே கிளம்பினோம். பின்சீட்டில் தண்ணீர் கேன்கள், சக்கரத்துக்கு அணை வைக்க ஒரு கல், புளிச்சோறு, அக்காவுக்கென்று நான் தைத்த இரண்டு ரவிக்கை. அளவு போனில் கேட்டு வாங்கியது.

மலை இறங்கும்வரை கார் ராஜா மாதிரிதான் வந்தது. நீ ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, ஏதோ பழைய ஆளிடம் பேசுகிற மாதிரி அதனிடம் பேசிக்கொண்டே ஓட்டினாய். திண்டுக்கல்லைத் தாண்டினதும் வெயில் ஏறியது. மணப்பாறைக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து, முன்னால் ரோடே தெரியாதபடி ஆவி கிளம்பியது. அங்கிருந்த மெக்கானிக் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதுக்கு ஹோஸ் இப்ப எங்கயும் கெடைக்காதுக்கா. டிராக்டரு ஹோஸ ஒண்ண வெட்டிப் பாக்கறேன். சேந்தா உங்க யோகம்."

சேர்ந்தது. ஆனால் பொழுது போய்விட்டது. அவர் வீட்டம்மா நம்மைத் தங்கிப் போகச் சொன்னாள். நீ அவளுக்குப் பூண்டு கொடுத்தாய். அவள் முறுக்கு கொடுத்தாள். காலையில் வண்டியை எடுக்கும்போது, "கப்பலு மத்தியானந்தான். வெரசாப் போயிரலாம்" என்று நீ சொன்னதை நான் நம்பினேன்.

திருவாரூரைத் தாண்டி, இரண்டு பக்கமும் வயல் இருக்கிற ஒரு வெட்டவெளியில் கார் நின்றது. ஒரு மரம்கூடப் பக்கத்தில் இல்லை. நீ பானெட்டைத் திறந்து தொட்டுப் பார்த்தாய்.

"எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏத்துற பம்பு காந்துது. ஈரத்துணி சுத்தி ஆற வைக்கணும். மலையிலயே கெடந்த வண்டி, இந்த வெயிலு அதுக்குப் புதுசு."

வாய்க்காலில் துண்டை நனைத்துக் கொண்டுவந்து சுற்றினோம். காய்ந்தது. மறுபடி நனைத்தோம். அதற்குள் கப்பல் வந்து சேர்ந்திருக்கும் நேரம் ஆகிவிட்டது. அக்காவிடம் நம் ஊர் சிம் இல்லை. கூப்பிட வழியில்லை. வாழையிலைக் கட்டு ஏற்றிப் போன ஒரு வேன்காரர் நிறுத்தினார்.

"நாகப்பட்டணந்தான் போறேன். ரெண்டு பேரும் ஏறிக்குங்க. காரு இங்கனயே கெடக்கட்டும், யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

நான் பையை எடுத்துக்கொண்டேன். நீ அசையவில்லை. "நீங்க போங்கண்ணே, வண்டி கெளம்பிரும்" என்று அவரை அனுப்பிவிட்டாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஒனக்கு அக்கா முக்கியமா, இந்த டப்பா முக்கியமா? வயசான மனுசி, தெரியாத ஊர்ல தனியா நிக்கிது."

அப்போதுதான் சொன்னாய். தோட்டத்துத் துரையிடம் இதே மாதிரி கார் இருந்ததாம். தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு முன்னால் அது நின்றிருந்தபோது, உன்னை இடுப்பில் வைத்திருந்த அக்கா, உனக்கு முகம் காட்டுவதற்காக அதன் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்தாளாம். டிரைவர் வந்து அவள் கன்னத்தில் அறைந்தானாம்.

"நான் அவ இடுப்புலதான் இருந்தேன். அந்த அடியில எனக்கும் ஒடம்பு ஆடிருச்சு. முன்சீட்ல அவள ஒக்கார வச்சு ஒரு தடவ ஓட்டணும். வேற ஒரு சோலியும் இந்தக் காருக்கு இல்ல."

நான் பையைத் திரும்பப் பின்சீட்டில் வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனேன்.

ஒருவழியாக வண்டி கிளம்பி, துறைமுக வாசலில் போய் நின்றபோது கூட்டம் எப்போதோ கலைந்திருந்தது. காவலாளியின் நாற்காலியில், காலடியில் ஒரு பெட்டியோடு, உன் மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். நீ காரைவிட்டு இறங்கிக் கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டாய். அவள்தான் எழுந்து வந்தாள்.

"என்னா புள்ள இவ்வளவு சொணக்கம்? சாப்டியா?"

அதற்குத்தான் நீ அழுதாய். அவள் அழவில்லை. உன் கன்னத்தைத் துடைத்து, உன் தலைமுடியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள்.

அவளை முன்சீட்டில் நடுவில் உட்கார வைத்து ஓட்டினோம். நீ அந்தக் கண்ணாடிக் கதையை ஆரம்பித்தாய். அக்கா கவனமாகக் கேட்டாள். முடித்ததும் யோசித்தாள்.

"அடிச்சானா? எந்தக் காரு? எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்லியே."

நீ காரை ஓரம் கட்டிவிட்டாய். நான் பயந்துபோய் உன்னைப் பார்த்தேன். நீ ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். அக்காவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா சீட்டு நல்லா மெத்து மெத்துன்னு இருக்கு" என்றாள்.

திரும்பி வரும்போது கார் எங்கேயும் நிற்கவில்லை என்று எழுத ஆசைதான். வழியில் இரண்டு இடத்தில் நின்றது. நின்ற இடத்தில் எல்லாம் அக்கா இறங்கி நடந்து, கிடைத்த கீரையைப் பறித்துக்கொண்டு வந்தாள். நாம் மூன்று பேரும் அவசரமில்லாதவர்களாக ஆகிவிட்டிருந்தோம். மலை ஏறிக் குளிர் முகத்தில் பட்டதும் அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு, "நம்ம தோட்டத்துக் குளிருதான்" என்றாள். அந்த மாதம் முழுக்க உங்கள் இரண்டு பேரின் பேச்சுச் சத்தம் சுவர் தாண்டி வந்துகொண்டே இருந்தது. நான் தையலை நிறுத்திவிட்டுக் கேட்ட நாட்கள் உண்டு.

அவள் திரும்பிப் போன கொஞ்ச காலத்தில் நீ போய்விட்டாய். காலையில் நெஞ்சைப் பிடித்தாய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அக்காவுக்கு யார் சொல்வது என்று உன் மகன் தடுமாறியபோது போனை நான் வாங்கிக்கொண்டேன். சொன்னேன். மறுமுனையில் அவள் கேட்டது இதுதான்.

"நீ சாப்டியா புள்ள?"

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் போனுக்குக் கூப்பிடுகிறாள். மழை பெய்ததா, மிஷின் ஓடுகிறதா, கால்வலி எப்படி என்று கேட்கிறாள். ரவிக்கை கை கொஞ்சம் இறுக்கம் என்று இப்போதுதான் வாய்விட்டுச் சொன்னாள். தை பிறந்ததும் நான் கப்பலேறி அங்கே போவதாக இருக்கிறேன். நாகப்பட்டினம்வரை பேருந்தில்தான், நீ கோபித்துக்கொள்ளக் கூடாது, கப்பல் எனக்காகக் காத்திருக்காது.

வீட்டில் நான் ஒரே பெண். கூடப்பிறந்தவர்கள் என்று யாரும் கிடையாது. இந்த வயதில், ஞாயிற்றுக்கிழமை போன் அடித்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "சாப்டேன்க்கா" என்கிறேன்.