சாவிக் கொத்து விழாத நாட்கள்

மார்ச் 3

இன்றிலிருந்து எதையும் மறைக்காமல், மெருகேற்றாமல் எழுதப் போகிறேன். அச்சகத்தில் நாளெல்லாம் அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்துகிறவள். முப்பத்தாறு வயதில் இதுகூட முடியாதா?

முதல் உண்மை: என் கணவர் என்னைப் பட்டையால் அடிப்பது நான் கேட்டுத்தான். மாதக்கணக்கில் பேசி, இருவருக்கும் பிடித்து, விதி வைத்துக்கொண்டு. அவர் சோபா தைப்பவர்; தோல்பட்டை பட்டறையிலிருந்து வந்தது. என் கையில் வீட்டுச் சாவிக் கொத்து இருக்கும். அதைக் கீழே போட்டால் அந்த நொடியே நிறுத்திவிடுவார். வாயைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டாவது உண்மை: "இன்னும் பலமாவே தாங்குவேன்" என்று போன வாரம் பீற்றிக்கொண்டேன். தாங்க முடியவில்லை.

மார்ச் 6

வலியைத் தாங்குவது எப்படி என்று தேடித் தேடிப் படித்தேன். மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். உடம்பை இறுக்கக் கூடாது. தாங்கும் அளவு மெல்ல மெல்லத்தான் கூடும். நடுவில் ஓய்வு வேண்டும். பரீட்சைக்குப் படிப்பதுபோல் அடிக்கோடிட்டேன். ஓய்வு பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

மார்ச் 9

சாவி விழவில்லை.

"என்ன மேடம், இன்னிக்குக் கல்லு மாதிரி இருந்தீங்க?"

"பழகிடுச்சு" என்றேன். அவர் முகத்தில் எவ்வளவு பெருமை! இனி எப்படிக் கீழே இறங்குவது?

மார்ச் 12

முதுகு சாயாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். பக்கத்து மேசை அக்கா, "என்னடி, பஸ்ஸுல பாதி சீட்டு கிடைச்சவ மாதிரி உக்காந்திருக்க?" என்றாள். சிரித்து வைத்தேன். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு பிழையும் கண்ணில் படவில்லை.

வேண்டாம் என்றால் அவர் முகம் சுளிக்கக்கூட மாட்டார். தெரியும். கதவு திறந்துதான் இருக்கிறது — பிறகு ஏன் மூச்சு முட்டுகிறது?

மார்ச் 15

சாவி விழவில்லை.

மார்ச் 16

காலையில் காபி வாங்கக் கை நீட்டினேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சாவியின் பற்கள் வரிசையாகப் பதிந்து நீலம் பாரித்திருந்தது. ஓரிடத்தில் தோல் கிழிந்திருந்தது. முதுகில் அவர் பட்டைகூட இப்படி ஒரு தடம் விட்டதில்லை.

"கீழ விழுந்துடக் கூடாதுன்னு இறுக்கிப் புடிச்சியா?"

"தோத்துட்டேன்னு நெனப்பீங்களோன்னு..."

"அடிப்பாவி! அந்தச் சாவிய நம்பித்தானே நான் கைய ஓங்குறேன்? உனக்கு இஷ்டமில்லாதத என் கையாலயே செய்ய வச்சிட்டியே."

குரல் உடைந்துவிட்டது அவருக்கு. எனக்கு அழக்கூட வரவில்லை. நான் வலியை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தேன். அவரை வைக்கவே இல்லை.

மார்ச் 20

பட்டை பட்டறைக்கே போய்விட்டது. மருந்து தினமும் அவர்தான் போட்டுவிடுகிறார். பேச்சுத்தான் இல்லை.

ஏப்ரல் 18

மறுபடி கேட்டேன். மாலை பட்டறையிலிருந்து வரும்போது பட்டையை எடுத்து வந்தார். "சரி. ஆனா நல்லா தாங்குறப்பவே ஒரு தடவ போட்டுக் காட்டு. அப்பதான் நான் தொடருவேன்."

இரண்டாவது அடியிலேயே போட்டேன். தாங்கியிருக்கலாம், நிச்சயமாக. ஆனாலும் விரலை விரிப்பதற்குத்தான் அத்தனை பலம் வேண்டியிருந்தது. தரையில் கணீரென்று சத்தம். பட்டையை வீசிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்."

இருவரும் சிரித்தோம். அதற்கு மேல் அவரும் தொடரவில்லை, நானும் கேட்கவில்லை. சாவியை எடுக்கக் குனிந்தேன். "கெடக்கட்டும் விடு, காலைல பாத்துக்கலாம்" என்று அவரே எழுந்து போய் விளக்கை அணைத்தார்.