வியாழக்கிழமை திடலுக்கு வந்தது யார், அக்கா?

என் அமுதாக்கா,

திங்கட்கிழமை கிளினிக் கவுண்டரில் நின்று மற்றவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவள், வெள்ளிக்கிழமை இல்லாமல் போனாய். டிங்கிக் காய்ச்சல் அவ்வளவு வேகமாக ஓடும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாகிவிட்டது.

போன மாதம் எனக்கு முப்பத்து மூன்று. நீ நின்றுபோன வயதுக்கு நானும் வந்து சேர்ந்துவிட்டேன். ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் என்னைப் பார்க்கிறவர்கள் ஒரு கணம் திகைத்துவிட்டுத்தான் சிரிக்கிறார்கள். அம்மா சில காலைகளில் உன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறாள். திருத்திக்கொள்வதும் இல்லை.

நம் பெண் பிள்ளைகள் கால்பந்து அணி இன்னும் இருக்கிறது. ஆனால் உன்னைப் பார்த்த பிள்ளை ஒருத்திகூட இப்போது அதில் இல்லை. ஷாலினியை டியூஷன் இழுத்துக்கொண்டது. லோகா பெரியவளானதும் அவள் அம்மா ஜெர்சியைத் துவைத்து, மடித்து, கொண்டுவந்து கொடுத்தார். "இனி ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு ஓட வேணாம் கோச், தப்பா நெனைக்காதீங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மற்றவர்களும் அப்படி இப்படியென்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பன்னிரண்டு வயதில் வருகிறார்கள். தலையைத் தூக்கிப் பார்த்து பாஸ் கொடுக்கப் பழகி, ஆட்டம் என்றால் என்னவென்று புரிய ஆரம்பிக்கிற நேரத்தில், பதினான்கு வயதில், காணாமல் போகிறார்கள். நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

திடல் நமக்கு ஒரு மணி நேரம்தான். ஆறு மணி ஆவதற்குள் பையன்கள் கோட்டோரம் வந்து நின்று பந்தைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வயிற்றுவலி என்று ஒரு பிள்ளை பாதியில் வீட்டுக்குப் போனால், இவள் திரும்பி வருவாளா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் உன் பயிற்சிக்கு இடமில்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். குதித்து, முழங்கால் உள்பக்கம் மடியாமல், சத்தமில்லாமல் இறங்குகிற அந்தப் பயிற்சி. "பூனை மாதிரி எறங்கணும். எனக்குச் சத்தம் கேட்டா மறுபடியும் மொதல்லேருந்து." வளர்கிற வயதில் பெண் பிள்ளைகளுக்குத்தான் முழங்கால் ஜவ்வு சட்டென்று அறுந்துபோகிறது என்று யார் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் அதைச் செய்ய வைத்தாய். நீ போன பிறகு நான் ஒரு நாள்கூட அதைச் செய்ய வைக்கவில்லை. நேரமில்லை என்பது பாதி உண்மை. உன் குரல் இல்லாமல் அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை என்பதுதான் மீதி.

அதனால்தான் சில வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு உடம்பு சில்லிட்டது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில் மழை, நெரிசல். அரை மணி நேரம் தாமதம். கொடிமலையிலிருந்து இறங்கிய மூட்டம் திடலின் பாதியை மூடியிருந்தது. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பதினான்கு பேரும் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். குதித்தார்கள். இறங்கினார்கள். ஈரப் புல்லில் இருபத்தெட்டு கால்கள் இறங்கியும் எனக்கு எதுவும் கேட்கவில்லை, அக்கா.

முன்னால் நின்றவள் தர்ஷினி. பதின்மூன்று வயது, இப்போது நம்மிடம் இருப்பவர்களில் கெட்டிக்காரி.

"இது யாரு சொல்லிக் குடுத்தா?" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தர்ஷினி சிரித்தாள். "என்ன கோச், நீங்கதானே. போன வியாழக்கிழமை."

போன வியாழக்கிழமை நான் தொழிற்சாலையில் ஓவர்டைம். பயிற்சி இல்லை என்று மத்தியானமே வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். அதைப் பார்க்காமல் எட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க லேட்டா வந்தீங்க. தொப்பி போட்டிருந்தீங்க. மழை தூறிக்கிட்டே இருந்துச்சு" என்றாள் இன்னொருத்தி. "கால் வலிக்குதான்னு நாங்க கேட்டோம்லா. எடது கால நொண்டிக்கிட்டே நடந்தீங்களே."

எனக்கு இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கிறது. நொண்டியது நீ.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்து, "ஆமா, மறந்துட்டேன்" என்றேன். அந்தப் பொய்யைச் சொன்னபோது மூட்டத்துக்குள் யாரோ நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பயப்படவும் இல்லை, நம்பாமலும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கால் ரொம்ப வலிச்சுச்சாமா அவளுக்கு?"

அதற்கடுத்த சனிக்கிழமை ஆட்டம். மாநிலப் பயிற்சி முகாமுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தர்ஷினியின் அப்பா லிட்டில் இந்தியாவில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிறார், நல்ல மனிதர். "முகாமுக்கு எடுத்தாங்கன்னா அவ வெளையாடட்டும் தங்கச்சி. இல்லன்னா வருஷக் கடைசியோட போதும், படிக்கட்டும்" என்று முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளைக்கு அந்த ஓர் ஆட்டம்தான் இருந்தது. எனக்கும்தான். ஒருத்தியாவது மேலே போனால், மற்ற அம்மாக்கள் ஜெர்சியை மடித்துக் கொண்டுவரும் முன் கொஞ்சம் யோசிப்பார்களே.

முதல் பாதி முடியும் நேரத்தில் தர்ஷினி ஒரு பந்துக்கு எகிறி, கோணலாக இறங்கினாள். எழுந்துகொண்டாள், ஓடினாள். ஆனால் நான் பார்த்துவிட்டேன். இடைவேளையில் காலுறையை இறக்கச் சொன்னேன். இடது முழங்கால் லேசாக வீங்கியிருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்கல கோச். லூசா இருக்கு. ஏதோ கழண்ட மாதிரி."

இதே வார்த்தையை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். உனக்கு நினைவிருக்கும். நீ பதினேழு, நான் பதினைந்து. இறுதி ஆட்டம். நான் கோலில் நின்றேன், நீ எனக்கு முன்னால் தற்காப்பில். "முட்டி லூசா இருக்கு புவனா, ஏதோ கழண்ட மாதிரி" என்றாய். நம் பள்ளிக்கூடக் கோச் மணியம் சார் கோட்டோரம் எழுந்து நின்று, மாற்று ஆள் அனுப்பட்டுமா என்று கையைக் காட்டிக் கேட்டார். நான்தான், நீ ஆடுவாய் என்று, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். உன்னிடம், "இன்னும் பத்து நிமிஷம்தான் லா, அக்கா, ப்ளீஸ்" என்று கெஞ்சினேன். நீ எனக்காக நின்றாய். ஏழாவது நிமிடத்தில் உன் முழங்கால் மடிந்த சத்தம் எனக்குக் கோல் வரை கேட்டது.

மருத்துவமனையில் அப்பா, "யாரு அவள வெளையாடச் சொன்னது?" என்று கேட்டார். "சார்தான்" என்றேன். நீ கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாய். எதுவும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, சாகிறவரைக்கும் சொல்லவில்லை. அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய் சத்தம் போட்டார். அந்த வருடத்தோடு மணியம் சார் பெண்கள் அணியை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நீயும் நானும் ஆரம்பிக்கிறவரை நம் பக்கத்தில் பெண் பிள்ளைகளுக்கு அணியே இல்லை. எத்தனை பிள்ளைகள் பந்தைத் தொடாமலே வளர்ந்து போனார்களோ?

இவ்வளவும் தெரிந்தவள்தான் சனிக்கிழமை தர்ஷினிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். தேர்வாளர் எதிர்ப்பக்கம் குடைக்கடியில் அவள் எண்ணைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"பத்து நிமிஷம்தான்லா தர்ஷினி. பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

அவள் என்னைக் குழப்பத்தோடு பார்த்தாள்.

"அப்ப ஏன் கோச் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"முட்டி லூசா இருந்தா உக்காந்துடு. யாரு கெஞ்சினாலும் எழுந்துக்காத. நானே வந்து கெஞ்சினாலும் எழுந்துக்காதன்னு சொன்னீங்களே. என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னீங்க. உங்க கை ரொம்பச் சூடா இருந்துச்சு, காய்ச்சல் மாதிரி."

நடுப்பகல் வெயில், அக்கா. எனக்குப் பல் கிட்டியது.

நீ என் முகத்தோடு வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அவளிடம் யார் வந்து கெஞ்சப்போகிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கே தெரியாதபோது உனக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அவள் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, அவளே அவிழ்த்துக்கொண்டாள். அழுதாள். மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றோம். தேர்வாளர் எங்களிடமிருந்து யாரையும் எடுக்கவில்லை. குடையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஜவ்வு அறுந்துபோகவில்லை, இழுபட்டிருக்கிறது, இரண்டு மாதம் ஓடக்கூடாது என்றார் டாக்டர். இன்னும் பத்து நிமிடம் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "அதை யார் சொல்ல முடியும்?" என்றார்.

தர்ஷினியின் அப்பாவிடம் கடைக்கே போய்ச் சொன்னேன். உன்னைப் பற்றி, என்னைப் பற்றி, கட்டைவிரலைப் பற்றி. வியாழக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் துணியை மடிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அவ வீட்டுல பந்தைக் கால்ல வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கா தங்கச்சி. அதையும் பாக்க முடியல" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் இப்போது பயிற்சி நாள்களில் மோட்டார் சைக்கிளில் அவளைக் கொண்டுவந்து கோட்டோரம் உட்காரவைத்துவிட்டு, முடிகிறவரை தானும் நிற்கிறார்.

அம்மாவிடமும் சொன்னேன், மணியம் சார்மேல் பழி போட்டது நான்தான் என்று. "அந்த மனுஷன மார்க்கெட்டுல பாக்கிறப்பல்லாம் காறித் துப்புனேனேடி" என்றாள். முகத்தைப் பொத்திக்கொண்டாள். உனக்காக அழுததைவிட அதிகமாக அன்று அழுதாள் என்று நினைக்கிறேன்.

மணியம் சார் இப்போது சுங்கை பாக்காப்பில் மகன் வீட்டில் இருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் போகிறோம். மன்னிப்பாரா தெரியாது. கதவைத் திறக்காவிட்டாலும் வெளியே நின்று சொல்லிவிட்டு வருவேன்.

பிள்ளைகளிடம் நான் சொன்ன பொய் ஒன்று பாக்கி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை உன் படத்தைத் திடலுக்குக் கொண்டுபோகிறேன். இவள் என் அக்கா, பெயர் அமுதா, அன்று வந்தது நான் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். சிலர் பயந்து நின்றுவிடலாம். நின்றால் நிற்கட்டும்.

இனி நீ என் முகத்தைக் கடன் வாங்க வேண்டாம், அக்கா. வருவதென்றால் உன் முகத்தோடு வா. பிள்ளைகள் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நானும் இந்த முறை திரும்பிப் பார்ப்பேன். சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
புவனா