காலை மாத்திரையும் காலை வகுப்பும்

புதன்கிழமை, இரவு.

"டீச்சர், வகுப்ப சாயங்காலம் வச்சா என்ன?" மனநலச் சிகிச்சை இல்லத்தில் தங்கியிருக்கும் செல்சியா ஒருநாள் கேட்டாள். பள்ளிக்கூடம் என்றால் காலையில்தான் என்றேன். இல்லத்திலும் பள்ளி நேரமே இருக்கட்டும் என்று விதி எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

இன்று பார்வையிட வந்த அதிகாரி, அவள் மேசையில் தலைசாய்ந்து உறங்குவதைக் கண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வை அடுத்த வருடம் எழுதட்டும் என்று சொல்லிவிட்டார்.

"காலை மாத்திரதான் உறங்குது டீச்சர், நானில்ல," என்றாள்.

கடலோரப் புன்னைக்காயலில் இரவெல்லாம் வலை இழுத்தவரை விடிந்ததும் கணக்குப் போடச் சொல்வோமா? சாயங்காலம் அவளே ஒரு சின்னவளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள்: "ஏளா, கீழ உள்ளத முதல்ல சமமாக்கு."

வகுப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றி, அவளை இந்த வருடமே தேர்வு எழுதவிடச் சொல்லி அதிகாரியிடம் நாளை பேச வேண்டும். கேட்பாரோ என்னவோ. எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன்: இனி விதி எழுதுமுன், ஒரு நாள் முழுக்க அந்தப் பிள்ளைகளோடு இரு.